ஒரு பெர்த், இரண்டு டிக்கெட்: ரயிலில் இடம் பகிர்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரவு ரயிலில் படுக்கை ஒன்றுதான் உங்களுடையது. ஜன்னல், விளக்கு, மின்விசிறி, சார்ஜர், சீட்டுக்கு அடியில் உள்ள இடம், கழிப்பறைத் தண்ணீர், ஏ.சி.யின் குளிர் எல்லாம் பொது. ஆர்.ஏ.சி. டிக்கெட் (யாராவது ரத்து செய்தால்தான் முழு படுக்கை கிடைக்கும் முன்பதிவு) என்றால் அந்தப் படுக்கையும் பொது. ஒரு ராத்திரிக்கு ஒண்டுக்குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி சுத்தமாக இருந்து, வண்டி நேரத்துக்கு ஓடியும், பக்கத்து பெர்த்துக்காரரால் பயணம் கெட்டுப்போகலாம். அந்தச் சண்டைகளில் பெரும்பாலானவை, எது யாருக்கு எத்தனை மணி வரை என்று தெரியாததால் வருபவை. தெரிந்துகொள்ள வேண்டியவை கீழே.

ஆர்.ஏ.சி. என்றால் எனக்குக் கிடைப்பது என்ன?

சைடு லோயர் பெர்த்தில், அதாவது நடைபாதையின் மறுபக்கம் ஜன்னலோரம் உள்ள கீழ்ப் படுக்கையில், பாதி. அந்த ஒரு பெர்த்தை இரண்டு பேருக்கு இரண்டு இருக்கையாகப் பிரித்துக் கொடுப்பார்கள். வண்டியில் ஏறவும் உட்கார்ந்து போகவும் உரிமை உறுதி. படுக்கத்தான் உறுதி இல்லை. கட்டணம் மட்டும் முழு பெர்த்துக்கானது. பாதி இடத்துக்கு முழுக் காசா என்ற கேள்வி நியாயமானது. ஆனால் இன்றைய விதிப்படி, கடைசி வரை உட்கார்ந்தே போனாலும் பாதிக் கட்டணம் திரும்ப வராது.

ஸ்லீப்பர், ஏ.சி. 3 அடுக்கு, ஏ.சி. 2 அடுக்கு ஆகியவற்றில் ஆர்.ஏ.சி. உண்டு. முதல் வகுப்பு ஏ.சி.யில் கிடையாது.

பெர்த் எண்ணைப் பார்த்தே லோயரா, அப்பரா என்று சொல்ல முடியுமா?

முடியும். ஸ்லீப்பரிலும் ஏ.சி. 3 அடுக்கிலும் எட்டு எட்டாக அமைப்பு. எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1 அல்லது 4 வந்தால் லோயர்; 2 அல்லது 5 மிடில்; 3 அல்லது 6 அப்பர்; 7 சைடு லோயர்; மீதி இல்லாமல் வகுபட்டால் சைடு அப்பர். 34-ஐ வகுத்தால் மீதி 2, ஆகவே மிடில். 47-க்கு மீதி 7, சைடு லோயர்.

ஏ.சி. 2 அடுக்கில் மிடில் கிடையாது, ஆறு ஆறாக அமைப்பு. ஆறால் வகுத்து மீதி 1, 3 என்றால் லோயர். 2, 4 அப்பர். 5 சைடு லோயர். வகுபட்டால் சைடு அப்பர்.

பழைய வகையான ஐ.சி.எஃப். ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த், புதிய வகையான எல்.எச்.பி. பெட்டியில் 80. ஒரு கூப்பே (தடுப்பு) கூடியது, கழிப்பறை கூடவில்லை. காலை ஐந்தரைக்கு வாஷ்பேசின் அருகே வரிசை நீள்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

சைடு லோயரில் இரண்டு பேர் இரவைக் கழிப்பது எப்படி?

ஏறியவுடன் பேசி முடித்துவிடுங்கள். பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் பேசினால் வார்த்தை தடிக்கும். நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு.

முதலாவது, முதுகுச் சாய்வுகளை மடக்காமல் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்தபடியே போவது. ஐந்து மணி நேரத்துக்குக் குறைந்த பயணத்துக்கு இது போதும். ஆளுக்கு ஓர் இருக்கை, எல்லை தெளிவு.

இரண்டாவது, சாய்வுகளை மடக்கிப் படுக்கையாக்கிவிட்டு, ஆளுக்கு ஒரு முனையில் தலையணை வைத்துச் சாய்ந்து, கால்களை எதிரெதிராக நீட்டுவது. ஒருவர் ஜன்னல் ஓரமாகவும் மற்றவர் நடைபாதை ஓரமாகவும் காலை வைக்க வேண்டும். நடைபாதைப் பக்கம் கால் வைப்பவர் முழங்காலை மடக்காவிட்டால், கழிப்பறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் இடித்துக்கொண்டே போவார்கள். அந்நியர்களுக்கு இந்த முறை சங்கடமானது. அக்கா தங்கைக்கோ, தகப்பன் மகனுக்கோ ஒத்துவரும்.

மூன்றாவது, முறை வைத்துத் தூங்குவது. பத்திலிருந்து இரண்டு வரை ஒருவர், இரண்டிலிருந்து ஆறு வரை மற்றவர். விழித்திருப்பவர் கால்மாட்டில் ஒடுங்கி உட்கார வேண்டும். நான்கு மணிக்கே இறங்குகிறவர் முதல் முறையை எடுத்துக்கொள்ளட்டும். விடியலில் இறங்குகிறவர் பின்முறையை எடுக்கட்டும். அதனால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, “நீங்க எந்த ஸ்டேஷன்ல இறங்கணும்?” என்பதுதான்.

சாய்வுகளை மடக்கினால் நடுவில் ஒரு பள்ளமோ மேடோ விழும். முதுகைப் பிடிக்கும் இடம் அதுதான். புதிய பெட்டிகள் பலவற்றில் ஜன்னல் ஓரம் தனியாக ஒரு மெத்தைப் பலகை சொருகியிருக்கும்; அதை எடுத்து மேலே விரித்தால் படுக்கை சமமாகும். இது தெரியாமலே பள்ளத்தில் படுத்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்குகிறவர்கள் நிறையப் பேர். பலகை இல்லாவிட்டால் ஒரு போர்வையை நான்காக மடித்து அந்த இடத்தில் போடுங்கள்.

கூட இருக்க வேண்டியவர் வரவே இல்லை. பெர்த் முழுக்க எனக்கா?

அவர் ஏறும்வரை உங்களுக்கு. சென்னை எழும்பூரில் கிளம்பும்போது காலியாக இருந்த பாதி, செங்கல்பட்டிலோ விழுப்புரத்திலோ ஏறுபவருக்கு உரியதாக இருக்கலாம். டிக்கெட் பரிசோதகரின் கையில் உள்ள கருவியில் அது தெரியும், அவரிடமே கேட்டுவிடுங்கள். விழுப்புரத்தில் ஆள் ஏறுவார் என்றால், அதுவரை கால் நீட்டித் தூங்குங்கள். பையை மட்டும் அந்தப் பாதியில் பரப்பி வைக்காதீர்கள். நள்ளிரவில் எழுப்பப்படுகிறவருக்கும் எழுப்புகிறவருக்கும் கோபம் வருவது அந்தப் பையால்தான்.

ஆர்.ஏ.சி. எப்போது முழு பெர்த்தாக மாறும்?

மூன்று கட்டங்களில் மாறலாம். சார்ட் (யாருக்கு எந்த பெர்த் என்ற பட்டியல்) போடும் வரை, உறுதியான டிக்கெட் ஒன்று ரத்தாகும்போதெல்லாம் ஆர்.ஏ.சி. வரிசை மேலே நகரும். முதல் சார்ட் இப்போது வண்டி கிளம்பப் பல மணி நேரத்துக்கு முன்பே வந்துவிடுகிறது. அதில் கிடைக்காவிட்டால், வண்டி கிளம்ப அரை மணி நேரம் இருக்கும்போது தயாராகும் இரண்டாவது சார்ட்டைப் பாருங்கள். அதற்குப் பிறகு வண்டிக்குள்: வராதவர்களின் பெர்த்தைப் பரிசோதகர் கருவியில் குறித்தவுடன், அது ஆர்.ஏ.சி.காரர்களுக்கு வரிசைப்படி போக வேண்டும்.

வண்டிக்குள் செய்ய வேண்டியது இதுதான்: உங்கள் இருக்கையை விட்டு நகராதீர்கள். பரிசோதகர் வரும்போது நீங்கள் வேறு பெட்டியில் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தால், உங்களையும் ‘வரவில்லை’ கணக்கில் சேர்த்துவிடக்கூடும். கிடைக்கும் பெர்த் நான்கு பெட்டி தள்ளி இருக்கலாம். மூட்டை முடிச்சோடு இரவு பதினொன்றரைக்கு நடக்கத் தயாரா என்பதை முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். வேண்டாம் என்றால் அடுத்தவருக்குப் போய்விடும். எல்.எச்.பி. பெட்டியாக இருந்தால் பெட்டிக்குப் பெட்டி கடப்பது எளிது. குழந்தையோடு இருப்பவர்கள் வண்டி நிற்கும் ஸ்டேஷனில் இறங்கி மாறுவதைவிட உள்ளே நடப்பதே பாதுகாப்பு.

ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள்?

ஆர்.ஏ.சி.யாகவே இருக்கும் டிக்கெட்டை, வண்டி கிளம்பும் நேரத்துக்கு 30 நிமிடம் முன்பு வரை ரத்து செய்யலாம். பிடித்தம் ஆளுக்கு 60 ரூபாய், ஏ.சி. வகுப்பு என்றால் அதன் மேல் ஜி.எஸ்.டி. அந்த அரை மணியைத் தாண்டினால் ஒன்றும் வராது.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது சார்ட்டில் உங்கள் டிக்கெட் உறுதியாகிவிட்டால், 60 ரூபாய்க் கணக்கு போய்விடும். உறுதியான டிக்கெட்டுக்கான விதிதான் பொருந்தும். கடைசி நேரத்தில் அது கிட்டத்தட்ட முழுக் கட்டணத்தையும் விழுங்கும். எனவே ஆர்.ஏ.சி.யில் இரவு கழிக்க மனமில்லாதவர்கள் சார்ட்டுக்கு முன்பே ரத்து செய்துவிடுவது நல்லது.

ஒரே பி.என்.ஆரில் (முன்பதிவு எண்ணில்) சிலருக்கு உறுதி, சிலருக்கு ஆர்.ஏ.சி. அல்லது வெயிட்டிங் லிஸ்ட் என்று வந்திருந்தால் சலுகை ஒன்று உண்டு. குடும்பத்தோடு பயணத்தையே விடுவதாக இருந்தால், கிளம்பும் நேரத்துக்கு 30 நிமிடம் முன்பு வரை, உறுதியானவர்களுக்கும் சேர்த்து, ஆளுக்கு அந்தச் சிறு பிடித்தம் போக மீதி கிடைக்கும். ஆன்லைன் டிக்கெட்டுக்கு சார்ட் போட்ட பிறகு இதை டி.டி.ஆர். மூலம் கேட்க வேண்டும். நம் ஊரில் டிக்கெட் பரிசோதகரையும் டி.டி.ஆர். என்றுதான் கூப்பிடுகிறோம், இங்கே சொல்வது ஐ.ஆர்.சி.டி.சி. தளத்தில் நிரப்பும் பணத்திருப்ப விண்ணப்பம். இரண்டையும் குழப்பிக்கொண்டு, ‘வண்டியில் டி.டி.ஆரிடம் சொல்லிக்கொள்ளலாம்’ என்று அரை மணிக் கெடுவைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

ஆர்.ஏ.சி.யே வராமல் முன்பதிவு செய்ய வழி உண்டா?

ஆன்லைனில் பயணிகள் விவரம் நிரப்பும் பக்கத்தில், உறுதியான பெர்த் கிடைத்தால் மட்டும் பதிவு செய் என்ற பெட்டி இருக்கும். அதை டிக் செய்தால், கடைசி நொடியில் பெர்த் தீர்ந்திருந்தால் டிக்கெட் பதிவாகாது. பணம் திரும்ப வர ஓரிரு நாள் ஆகலாம். வந்தே பாரத் ஸ்லீப்பரில் ஆர்.ஏ.சி. முறையே இல்லை.

நான் தனியாகப் போகும் பெண். பாதி பெர்த்தில் முன்பின் தெரியாத ஆண். என்ன செய்யலாம்?

பரிசோதகர் வரும்வரை காத்திருக்காமல் ஏறியவுடனே ரயில்வே உதவி எண் 139-ஐ அழைத்து, பி.என்.ஆர். எண்ணைச் சொல்லி, இடம் மாற்றித் தரக் கேளுங்கள். அதே பெட்டியில் பெரும்பாலும் இன்னும் சில ஆர்.ஏ.சி. ஜோடிகள் இருப்பார்கள், இரண்டு பெண்களை ஒன்றாகவும் இரண்டு ஆண்களை ஒன்றாகவும் மாற்றுவது பரிசோதகருக்கு ஐந்து நிமிட வேலை. எட்டால் வகுத்தால் மீதி 7 வரும் எண்களாகப் பார்த்துக்கொண்டே நடந்தால் (7, 15, 23, 31…) அந்த ஜோடிகளை நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மாற்றிக்கொண்ட பிறகும் பரிசோதகரிடம் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

பக்கத்தில் இருப்பவரின் நடத்தை சரியில்லை என்றால் இடமாற்றம் பற்றிய பேச்சே வேண்டாம். 139-இல் பாதுகாப்பு என்ற தேர்வை அழுத்தினால் ரயில்வே பாதுகாப்புப் படைக்குப் போகும். பழைய 182 எண் 2021-இல் இதோடு இணைக்கப்பட்டுவிட்டது.

எனக்கு சைடு அப்பர். பகலில் கீழே உட்காரலாமா?

உட்காரலாம். கீழே உள்ள இரண்டு இருக்கைகளில் பகலில் ஒன்று சைடு லோயர்காரருக்கு, மற்றது உங்களுக்கு. இரவு 10 முதல் காலை 6 வரை உங்களுக்குக் கீழே உரிமை இல்லை.

சிக்கல், கீழே ஆர்.ஏ.சி. ஜோடி இருக்கும்போதுதான். இரண்டு இருக்கை, மூன்று டிக்கெட். மேலே படுக்கை வைத்திருப்பவர் நீங்கள் ஒருவர்தான் என்பதை நினைவில் வைத்து, சாப்பாட்டு நேரத்துக்கும் இறங்கும் நேரத்துக்கும் மட்டும் கீழே வருவது நல்ல வழக்கம். அதற்குக் கைம்மாறாக, அவர்களில் ஒருவர் பகலில் ஒரு மணி நேரம் உங்கள் படுக்கையில் படுத்துக்கொள்ளட்டும். எல்லாருக்கும் முதுகு மிஞ்சும்.

மிடில் பெர்த்தை எத்தனை மணிக்குப் போடலாம், எத்தனை மணிக்கு மடக்க வேண்டும்?

இரவு 10 மணிக்குப் போடலாம். காலை 6 மணிக்கு மடக்க வேண்டும். முன்பு இரவு 9 மணியாக இருந்ததை 2017 ஆகஸ்ட் இறுதியில் ரயில்வே வாரியம் 10 ஆக்கியது. 9 என்று வாதாடுகிறவர்கள் பழைய விதியைச் சொல்கிறார்கள்.

மிடில் பெர்த் தூக்கப்பட்டால் லோயரில் நிமிர்ந்து உட்கார முடியாது. அதனால்தான் இதற்குமட்டும் மணிக்கணக்கு. மிடில்காரர் எட்டரைக்கே போட்டால் கீழே இருவரின் சாப்பாடு கெடும். லோயர்காரர் பதினொன்று வரை போனில் படம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் மிடில்காரர் நிற்க வேண்டியதுதான். இரண்டுக்கும் ஒரே பதில்: கடிகாரத்தைக் காட்டுங்கள். நோயாளிகள், மாற்றுத்திறனாளிகள், கர்ப்பிணிகள் அந்த நேரத்துக்கு வெளியேயும் படுக்க விரும்பினால் ஒத்துழைக்கும்படி அதே சுற்றறிக்கை மற்றவர்களைக் கேட்டுக்கொள்கிறது.

போடும்போது இரண்டு பக்கச் சங்கிலியும் கொக்கியில் முழுவதும் மாட்டியிருக்கிறதா என்று ஒருமுறை கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். ஒரு பக்கம் அரைகுறையாக மாட்டியிருந்தால் ஆள் ஏறியதும் நழுவும். அடிபடுவது கீழே படுத்திருப்பவர்.

எழும்பூரிலிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போகும் இரவு வண்டிகள் பல ஆறு மணிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிடும். அங்கே காலைச் சண்டைக்கு வாய்ப்பே இல்லை. திருநெல்வேலி, நாகர்கோவில் என்று நீளும் வண்டிகளில்தான் ஆறு மணிக்குமேல் மிடிலை மடக்காதவர் தலைவலி. மதுரை தாண்டியதும் பக்கத்துக் கூப்பேயில் காலி இருக்கைகள் கிடைக்கும். எழுப்புவதைவிட அங்கே போய் உட்காருவது விரைவு.

வயதானவர்கள் லோயர் கேட்டால் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டுமா?

சட்டப்படி இல்லை. டிக்கெட்டில் உள்ள பெர்த் உங்களுடையது. 60 வயது கடந்த ஆண்கள், 45 வயது கடந்த பெண்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்காக ஒவ்வொரு பெட்டியிலும் சில லோயர் பெர்த்கள் தனி ஒதுக்கீட்டில் உண்டு. ஆனால் அந்த ஒதுக்கீடு ஒருவர் அல்லது இருவர் மட்டும் உள்ள டிக்கெட்டுக்கே பொருந்தும். அப்பா, அம்மாவோடு மகன், மருமகள், பேரன் என ஐந்து பேரையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அது கணக்கில் வராது. பெற்றோருக்கு மட்டும் தனி டிக்கெட் எடுங்கள். வண்டியில் ஏறி ஒவ்வொருவரிடமும் கெஞ்சும் வேலை மிச்சம்.

மாற்றிக்கொள்வதாக இருந்தால் மூன்றைக் கவனியுங்கள்: நீங்கள் பெறும் பெர்த்துக்காரர் உங்களுக்கு முன்பே இறங்குகிறாரா? அப்படியென்றால் அந்த ஸ்டேஷனில் வேறொருவர் அந்த எண்ணோடு வந்து நிற்பார். ஆன்லைனில் ஆர்டர் செய்த சாப்பாடு பழைய எண்ணுக்கே போகும். பரிசோதகரிடம் சொல்லாவிட்டால், காலியாகத் தெரியும் உங்கள் பெர்த் இன்னொருவருக்குப் போகலாம்.

சீட்டுக்கு அடியில் லக்கேஜ் வைக்கும் இடம் யாருக்கு?

யாருக்கும் தனியாக இல்லை. இரண்டு லோயருக்கு அடியில் உள்ள இடம் கூப்பேயின் ஆறு பேருக்கும் பொது. லோயர்காரர் ‘என் சீட், என் இடம்’ என்றால் அது தவறு. நடைமுறையில் முதலில் ஏறியவர் வைத்ததுதான் இடம்.

அளவுக்கு விதி உண்டு. கட்டணமின்றி ஸ்லீப்பரிலும் ஏ.சி. 3 அடுக்கிலும் ஆளுக்கு 40 கிலோ, ஏ.சி. 2 அடுக்கில் 50 கிலோ, முதல் வகுப்பு ஏ.சி.யில் 70 கிலோ. பெட்டியின் அளவு 100 × 60 × 25 செ.மீ.க்குள், ஏ.சி. 3 அடுக்கில் 55 × 45 × 22.5 செ.மீ.க்குள். நிறையப் பேர் எடையைப் பார்க்கிறார்கள், உயரத்தைப் பார்ப்பதில்லை. உள்ளே நுழையாத பெட்டி நடைபாதையில் நிற்கும். இரவில் எல்லார் காலும் அதில்தான் இடிக்கும். சக்கரப் பெட்டியைப் படுக்கவைத்து, சக்கரம் சுவர்ப் பக்கம் இருக்கும்படி தள்ளுங்கள். பெர்த்துக்கு அடியில் வளையம் இருக்கும். சங்கிலிப் பூட்டு அதற்காகத்தான்.

சார்ஜர் பாயிண்ட் ஒன்று, ஆள் ஆறு. யாருக்கு முன்னுரிமை?

விதி ஏதும் இல்லை, ஆகவே வரிசைதான். பல வண்டிகளில் இரவு 11 முதல் காலை 5 வரை சார்ஜர் மின்சாரத்தை அணைத்துவிடுவார்கள். தீப்பிடிக்கும் அபாயத்தைக் குறைக்கத்தான். எல்லாரும் படுக்கும் நேரத்தில் சொருகிவிட்டுக் காலையில் பார்த்தால் பதினைந்து சதவீதத்தில் நிற்பது இதனால். பவர்பேங்க் எடுத்துப் போங்கள்.

கெட்டில், இஸ்திரிப் பெட்டி போன்றவற்றை இதில் சொருகுவது குற்றம். இந்தப் பாயிண்ட் போன், லேப்டாப் அளவுச் சுமைக்கே. கெட்டில் இழுக்கும் மின்சாரத்தில் காப்புச் சுவிட்ச் விழும். அந்த இணைப்பில் உள்ள எல்லாருக்கும் சேர்த்து சார்ஜர் போகும். ஒருவரின் சுடுதண்ணீருக்குப் பத்துப் பேரின் போன் அணையும்.

விளக்கை அணைக்க மாட்டேன் என்கிறார்கள். போனில் ஸ்பீக்கரைப் போட்டுப் பேசுகிறார்கள்.

இரவு 10-க்குப் பிறகு இரவு விளக்கு மட்டும் எரிய வேண்டும், சத்தமாகப் பாட்டோ பேச்சோ கூடாது என்பது ரயில்வேயின் அறிவுறுத்தல். முதலில் நேரில் சொல்லுங்கள். ‘சத்தத்தைக் குறைங்க’ என்பதைவிட ‘சார், காலையில நாலு மணிக்கு இறங்கணும், கொஞ்சம் ஹெட்செட் போட்டுக்கறீங்களா’ என்பது வேலை செய்கிறது. கேட்காவிட்டால் ரயில்வேயின் ‘ரயில் மதத்’ என்ற புகார் செயலியில் புகார். குடித்துவிட்டுத் தகராறு செய்தால் ரயில்வே சட்டம் 1989-இன் 145-ஆம் பிரிவு பொருந்தும். இறக்கிவிடவும் அதிகாரம் உண்டு.

ஏ.சி. 2 அடுக்கில் கூப்பேக்குத் திரை உண்டு. 3 அடுக்கில் இல்லை. வெளிச்சத்தில் தூங்க முடியாதவர்கள் ஒரு கைக்குட்டையோ கண்மூடியோ வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஏ.சி. குளிர் ஒருவருக்கு அதிகம், ஒருவருக்குக் குறைவு. யார் சொல்வதைக் கேட்பார்கள்?

பெட்டி முழுவதற்கும் ஒரே கட்டுப்பாடு. பெட்டியின் கோடியில் உள்ள பலகையில் இருக்கும். பொதுவாக 23 முதல் 25 டிகிரியில் வைப்பார்கள். அட்டெண்டரிடம் ஒருவர் ‘குறை’ என்பார், அடுத்த பத்து நிமிடத்தில் இன்னொருவர் ‘கூட்டு’ என்பார். அவரைத் திட்டிப் பயனில்லை.

ஒரே டிகிரியிலும் அப்பர்காரர் நடுங்குவதும் லோயர்காரர் வியர்ப்பதும் உண்மை. குளிர்காற்று கூரையோரக் குழாய் வழியே வருகிறது. அப்பர் பெர்த் அதன் வாயிலேயே இருக்கிறது. அங்கே படுப்பவர் செய்தித்தாளைச் சுருட்டித் துவாரத்தை அடைப்பார். அடைத்த காற்று அடுத்த துவாரத்தில் கூடுதலாக வீசும். பக்கத்து அப்பர்காரர் தன் துவாரத்தையும் அடைப்பார். நள்ளிரவுக்குள் லோயர்களுக்குக் காற்றே இறங்காது. துவாரத்தில் திசை திருப்பும் தகடு இருந்தால் அதைத் திருப்புங்கள். இல்லாவிட்டால் தலையை நடைபாதைப் பக்கம் மாற்றிப் படுங்கள். பெட்டிக் கதவைத் திறந்தே வைப்பதும் குளிரைக் கொல்லும். கதவடியில் போன் பேசுகிறவர்களுக்கு இது தெரிவதில்லை.

ஏ.சி. வேலையே செய்யவில்லை என்றால் கணக்கு வேறு. ஏ.சி. கட்டணத்துக்கும் சாதாரணக் கட்டணத்துக்குமான வித்தியாசம், ஏ.சி. ஓடாத தூரத்துக்குத் திரும்பக் கிடைக்கும். பரிசோதகரிடம் சான்று எழுதி வாங்குங்கள். ஆன்லைன் டிக்கெட் என்றால் போய்ச் சேர்ந்த 20 மணி நேரத்துக்குள் டி.டி.ஆர். போட வேண்டும். சான்று வாங்காமல் இறங்கினால் பிறகு நிரூபிக்க ஏதும் இருக்காது.

ஆர்.ஏ.சி.காரர்களுக்குக் கம்பளி உண்டா?

ஏ.சி. வகுப்பில் உண்டு, இருவருக்கும் தனித்தனியாக: இரண்டு விரிப்பு, ஒரு கம்பளி, தலையணை, துண்டு. ‘ஒரு பெர்த்துக்கு ஒரு செட்’ என்று அட்டெண்டர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கட்டணத்தில் அது சேர்ந்திருக்கிறது. விரிப்புகள் ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் துவைக்கப்படும். கம்பளி மாதம் ஒருமுறையாவது துவைக்கப்படுவதாக 2024-இல் மக்களவையில் சொன்னார்கள். அதனால் இரண்டு விரிப்பில் ஒன்றைக் கீழே போட்டு, மற்றதை உடம்புக்கும் கம்பளிக்கும் நடுவே வையுங்கள்.

கழிப்பறை பாதி இரவிலேயே அடைத்துக்கொள்கிறது. ஏன்?

இப்போது உள்ளவை உயிரிக் கழிப்பறைகள். கழிவு கீழே உள்ள தொட்டியில் பாக்டீரியாவால் சிதைந்து வெளியேறும். பாக்டீரியா பிளாஸ்டிக்கைத் தின்னாது. தண்ணீர் பாட்டில், பாக்குப் பொட்டலம், சானிட்டரி நாப்கின், டயப்பர் எது விழுந்தாலும் வளைந்த குழாயில் சிக்கும். அதன் பிறகு வருகிற அத்தனை பேருக்கும் அந்தக் கழிப்பறை இல்லை. 80 பேருக்கு நான்கு என்ற கணக்கு மூன்றாகிவிடும். தண்ணீரும் அப்படித்தான், குழாயைத் திறந்துவிட்டுப் போனால், அடுத்து நிரப்பும் ஸ்டேஷன் வரை பெட்டிக்கே வறட்சி.

டிக்கெட் இல்லாதவர்கள் என் பெர்த்தில் உட்கார்ந்துவிட்டார்கள்.

2025 மே முதல், கவுன்ட்டரில் எடுத்த வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட்டோடும் ஸ்லீப்பரிலோ ஏ.சி.யிலோ பயணம் செய்ய முடியாது. ‘கொஞ்ச தூரம்தான்’ என்பவரை நீங்களே தள்ளிவிட முயலாதீர்கள். கும்பல் என்றால் ஆபத்து. 139-க்கு அழையுங்கள் அல்லது செயலியில் பி.என்.ஆரோடு புகார் போட்டு, கூட்டத்தின் படத்தை இணையுங்கள். அடுத்த பெரிய நிறுத்தத்தில் பாதுகாப்புப் படையினர் ஏறுவார்கள். அபாயச் சங்கிலியை இதற்காக இழுத்தால் வழக்கு உங்கள் மீது திரும்பக்கூடும்.

பை திருடு போனால் ரயில்வே பொறுப்பா?

கையோடு வைத்திருந்த பொருளுக்குப் பெரும்பாலும் இல்லை. இடுப்புப் பட்டையில் வைத்திருந்த ஒரு லட்சம் ரூபாய் திருடுபோன வழக்கில், தன் உடைமையைப் பயணியே பாதுகாக்கவில்லை என்றால் அது ரயில்வேயின் சேவைக் குறைபாடு ஆகாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் சொன்னது. புகார் பதிவு செய்யப் பாதியில் இறங்க வேண்டியதில்லை. முதல் தகவல் அறிக்கைப் படிவம் பரிசோதகரிடமோ பாதுகாப்புக்கு வரும் போலீசாரிடமோ கிடைக்கும்.

இழப்பீடு கேட்க எங்கே போவது?

வெறும் கட்டணத் திருப்பம் என்றால் ரயில்வே உரிமைக் கோரிக்கைத் தீர்ப்பாயம். சென்னையில் அமர்வு உண்டு. பெர்த் கிடைக்காமல் விடிய விடிய நின்றது, புகார் செய்தும் யாரும் வராதது போன்ற சேவைக் குறைபாட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. சம்பவம் நடந்த இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். 2025 முதல் இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுப் போடலாம்.

அதற்குக் கையில் இருக்க வேண்டியவை: டிக்கெட், செயலி தந்த புகார் எண்ணும் நேரமும், புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று வந்த குறுஞ்செய்தி, அந்த நேரத்தில் பெர்த் இருந்த நிலையைக் காட்டும் படம். யாரும் வராமலே ‘தீர்க்கப்பட்டது’ என்று மூடப்படும் புகார்கள் உண்டு. அப்போது கருத்துக் கேட்கும் இணைப்பு வரும். அதில் திருப்தி இல்லை என்று அப்போதே பதிவு செய்து, திரையைப் படம் பிடித்து வையுங்கள். ஊர் போய்ச் சேர்ந்து தூங்கி எழுந்தபின் பார்த்தால் அந்த இணைப்பு காலாவதியாகி இருக்கலாம்.